மாடசாமியின் மூன்றாவது கை

இடது கைக் குறடு ரெக்ஸினின் ஓரத்தைக் கவ்வி இழுக்கிறது. வலது கை, உதடுகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் கருப்பு ஆணிகளில் ஒன்றை எடுத்துப் பலகையின் அடிப்பக்கத்தில் வைக்கிறது. சுத்தியல் இரண்டு தட்டு தட்டுகிறது. முதல் தட்டு ஆணி நிற்பதற்கு, இரண்டாவது அது இறங்குவதற்கு. "மூணாவது தட்டு வேணும்னா ரெண்டாவது தப்புன்னு அர்த்தம்" என்கிறார் மாடசாமி, மற்ற ஆணிகள் வாயில் இருக்கும்போதே. ஆணிகள் அசையவில்லை, பேச்சு மட்டும் வெளியே வருகிறது.

புனேயின் ஏரவாடாவில் ஆட்டோ நிறுத்தத்தை ஒட்டி இருக்கிற தகரக் கொட்டகைதான் மாடசாமியின் கடை. ஆட்டோக்களுக்கு சீட் போடுவார், மேலே மூடுகிற ஹூட் தைப்பார். ஒரு தையல் மிஷின், சுவரோரம் ஃபோம் அடுக்கு, பச்சை, கருப்பு, மெரூன் நிறங்களில் ரெக்ஸின் சுருள்கள். மூவர் நின்றால் நான்காமவர் வெளியே நிற்க வேண்டும். அவருடைய அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். மகனுக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்று கடைசிவரை நம்பியிருந்தார். கிடைக்கவில்லை. மாடசாமிக்கு இந்தத் தொழிலை யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. கிழிந்த சீட்டுகளை வாங்கி வந்து, ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி, எந்த வரிசையில் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஐம்பத்தொரு வயதிலும் வேறு கடையில் போட்ட சீட் கைக்கு வந்தால் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

முடிந்த சீட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம். தண்ணீர் வழிந்து ஓடிவிட வேண்டும். எங்காவது தேங்கினால் அங்கே இழுப்பு போதவில்லை என்று கணக்கு. தேங்கிய சீட்டை அவர் கொடுத்ததில்லை. அவசரப்படுகிற ஓட்டுநரிடம், "மழைக்காலத்துல ஒம்ம பாசஞ்சர் வந்து சொல்லுததுக்கு முன்னாடி நான் சொல்லுதேன்" என்பார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பலகையைக் குத்தாக நிறுத்தினால்தான் ரெக்ஸினைச் சுற்றி இழுக்க முடியும். ஒரு கை இழுக்கும், ஒரு கை அடிக்கும். பலகையைப் பிடிப்பது யார்? மற்ற கடைகளில் அதற்கு ஓர் ஆள் இருப்பார். மாடசாமியிடம் தொப்பை இருந்தது. பலகையின் ஒரு விளிம்பைச் சுவரில் முட்டவைத்து, மறு விளிம்பில் வயிற்றால் அழுத்திக்கொள்வார். பலகை அசையாது. மெத்தென்று இருப்பதால் ரெக்ஸினில் தடமும் விழாது. இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது. எண்பத்திரண்டு கிலோ உடம்பைப் பார்த்து யாராவது கேலி செய்தால், "சோத்துக்கு வளத்ததுன்னு நெனச்சீரா? தொழிலுக்கு வளத்தது வே" என்று தட்டிக்காட்டுவார்.

அந்த வயிற்றுக்குள்தான் போன வருடம் ஆடியில் அது வந்தது.

மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, கிடாக்கறிச் சாப்பாடு. மூன்று மணிக்குக் கை கழுவினார். ஐந்து மணிக்குக் கொட்டகைத் தரையில் முழங்கால் மடித்துக் கிடந்தார். "நெஞ்சுக்குக் கீழ குறட்டப் போட்டு உள்ள பிடிச்சு இழுத்து, முதுகுப் பக்கமா ஆணி அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான்" என்று இப்போது சொல்கிறார். நிறுத்தத்தில் நின்ற சுனில்தான் தன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சுனில் ஏரவாடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முப்பத்தைந்து வயதுக்குள் மூன்று ஆட்டோ மாற்றியவர், மூன்றுக்கும் சீட் மாடசாமியுடையது. மாடசாமி உட்கார முடியாமல், ஆட்டோவின் தரையில் மண்டியிட்டு, சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டே போயிருக்கிறார். பாலத்தைத் தாண்டும்போது தலையைத் தூக்கி ஏதோ சொன்னாராம். "நானு, பாணி கேக்குறாரோ, தண்ணி வேணுமோன்னு வண்டிய ஓரங்கட்டினேன்" என்கிறார் சுனில். "இவரு என்னா சொல்றாரு தெரியுமா? 'சீட்டு ஓரத்துப் பைப்பிங் விட்டிருக்குடே, நாளைக்கு வண்டியக் கொண்டா'ங்குறாரு. நாளைக்காம், நாளைக்கு!"

மருத்துவமனையில் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. தாரு எவ்வளவு, அதாவது குடிப்பது எவ்வளவு? மருத்துவர் கேட்டார், நர்ஸ் கேட்டார், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார், பக்கத்துப் படுக்கைக்காரர் கை விரல்களால் அளவு காட்டிக் கேட்டார். கணையம் வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் குடிப்பவர்களுக்குத்தான் இப்படி என்று சொல்லியிருக்கிறார்கள். மாடசாமி கோயிலுக்கு மாலை போட்ட காலத்தில் மட்டுமல்ல, போடாத காலத்திலும் குடித்ததில்லை. "இல்லன்னு சொல்லச் சொல்ல, எல்லாரும் 'சரி, சரி'ங்கான். அந்த 'சரி' இருக்கே, வலியவிட மோசம்." இரண்டாம் நாள் ஸ்கேனில் உண்மை தெரிந்தது. பித்தப்பையில் கற்கள். அதில் ஒன்று நழுவி வந்து குழாயை அடைத்ததால்தான் கணையம் வீங்கியிருக்கிறது. மனைவி பவுன் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வார்டில் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

நான்கு நாள் வாய் வழியாக ஒன்றும் கூடாது. தண்ணீரும் கூடாது. ஜன்னலுக்கு வெளியே புனே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பவுன் பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்துவார். மாடசாமி பஞ்சை உறிஞ்சப் பார்ப்பார். பவுன் வெடுக்கென்று எடுத்துவிடுவார். "சின்னப்புள்ள கணக்கா பஞ்சத் திங்கப் பாத்தாக" என்று இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் பித்தப்பையை எடுப்பது என்று தேதி கொடுத்தார்கள். அதுவரை எண்ணெய்ப் பலகாரம், கறி எதுவும் கூடாது. அந்தத் தேதி வருவதற்குள் நடந்ததை இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. அடுத்த வீட்டு மராத்திக்காரர் மங்கல் தாயி, நோயில் எழுந்தவருக்கு அவர்கள் வீட்டு முறைப்படி குழைந்த சோறும் பருப்பும் கொண்டுவந்தார். மேலே வீட்டில் காய்ச்சிய பசு நெய், மூன்று கரண்டி. காய்ச்சலானாலும் பிள்ளைப்பேறானாலும் அங்கே முதல் சாப்பாடு அதுதான். பவுனுக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. "டாக்டரு எண்ணெ கூடாதுன்னாரு. நெய்யப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. நெய்யி மருந்துல்லா?" மாடசாமிக்கும் தெரியவில்லை. பதினைந்து நாளுக்குப் பிறகு கிடைத்த ருசி. தட்டை வழித்துச் சாப்பிட்டார். அன்று இரவே மறுபடியும் அதே வார்டு, அதே படுக்கை. மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மங்கல் தாயி ஒரு வாரம் வெளியே வரவில்லை. எட்டாம் நாள் மாடசாமியே மருத்துவமனையிலிருந்து ஃபோன் போட்டு, "தாயி, நெய் நல்ல நெய்தான், குழாய்தான் சரியில்ல" என்று மராத்தியில் சமாதானம் சொன்னார்.

இந்த முறை வீட்டுக்கு அனுப்பாமல் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு கற்கள். ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்ததை மாடசாமி கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நோயின் பெயரைக் கேட்டதும் புருவத்தைத் தூக்குகிற ஓட்டுநர்களுக்காக. வாயைத் திறக்க மாட்டார். பாட்டிலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு வைத்துவிடுவார்.

மீண்டு வந்தவரின் எடை அறுபத்து மூன்று கிலோ. சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், இதுவரை நன்றாகவே இருக்கிறது. எல்லாம் சாப்பிடலாம், அளவோடு சாப்பிடுங்கள், எடை தூக்கலாம், வேலை பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதமாகிறது. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடசாமி கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். கையில் வேலை இருக்கும், கண் முள்ளில் இருக்கும். இரண்டு மணிநேரம் தாண்டினால்தான் தோள் இறங்கும். வேலையும் சின்ன வேலைதான். கிழிசல் ஒட்டுவது, ஹூட்டுக்குக் கொக்கி வைப்பது. முழு சீட் யாராவது கொண்டுவந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். பலகையை வைத்து அழுத்த வயிற்றில் ஒன்றும் இல்லை. அழுத்திப் பார்க்கவும் பயம்.

"க்யா அண்ணா, உங்க மிஷின்ல மெயின் பார்ட்டே காணோமே" என்பார் சுனில்.

"ஆஸ்பத்திரில கழட்டி வச்சுக்கிட்டானுவடே" என்பார் இவர்.

சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், இப்போது பன்னிரண்டாம் மாதம் என்று கேள்வி கேட்கிறார்கள். தமிழ் தெரியும் என்பதால் மாடசாமி, ஸ்ரீரஞ்சனி என்கிற மாணவியின் பங்கு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரெக்ஸின் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். சுனில் ஃபோம் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், போன நாலு வாரத்துல, உங்க ஹெல்த்னால, நீங்க செய்ய நெனச்சத விட கம்மியா வேல செஞ்சீங்களா?"

"நாலு வாரத்துல எட்டு சீட்டு போட்டிருக்கணும்மா. ஒண்ணுகூடப் போடல. இது கம்மியா, இல்லாததா?"

"ஆமாம்னு போட்டுக்கறேன் அங்கிள். வலி எவ்ளோ? ஸீரோல இருந்து பத்து."

கத்தரி நின்றது. "வலிக்கல. ஆனா வலிக்குமோன்னு ஒண்ணு இருக்கு பாத்துக்கோ. தட்டுல உக்காரும்போதே அதுவும் பக்கத்துல உக்காந்துக்கிடுது. அதுக்கு நம்பர் உண்டா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "அதுக்கு இதுல கட்டம் இல்ல அங்கிள்."

"ஒரு கோடு போட்டு ஒரு கட்டம் சேத்துக்கோயேம்மா."

"ஓரத்துல எழுதிக்கறேன். லாஸ்ட் ஒண்ணு. நாலு வாரத்துல சந்தோஷமா இருந்தீங்களா? எப்பவும், பெரும்பாலும், சில சமயம், இல்லவே இல்ல."

"அத பாபிகிட்ட கேளுங்க மேடம்" என்று பவுனைச் சொன்னார் சுனில்.

மாடசாமி யோசித்தார். "நேத்து ஒரு மணிக்குச் சாப்புட்டேன். மூணு மணி வரைக்கும் ஒண்ணும் ஆகல. மூணு மணிக்குச் சந்தோஷமா இருந்தேன்."

"சில சமயம்" என்று எழுதிக்கொண்டு ஸ்ரீரஞ்சனி நன்றி சொன்னார்.

வீட்டில் பவுன் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். ஹடப்சரில் புது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாசல் காவலுக்கு ஆள் வேண்டும். மங்கல் தாயியின் தம்பி மகன்தான் ஆள் எடுக்கிறவர். நெய்க்குப் பிராயச்சித்தமாகத் தாயியே பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆதார் நகலும் இரண்டு ஃபோட்டோவும் கொண்டு வந்தால் அன்றே சேரலாம்.

"கேட்டத் தொறக்கணும், மூடணும். வயித்துக்கு என்ன சோலி அதுல?" என்றார் பவுன்.

"அந்த வாச்மேன் சட்டையப் போட்டு நிக்கச் சொல்லுதியா?"

"நிக்க வேண்டாம், நாற்காலி இருக்காம். ஏங்க, ரெண்டு தடவ உங்கள அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போட்டிருக்கேன். மூணாந்தடவைக்கு எனக்குத் தெம்பு இல்ல. வருசம் ஒண்ணாச்சு, ஒரு முழு சீட்டு போட்டீங்களா? அப்பொறம் என்ன கட?"

சனிக்கிழமை காலை மாடசாமி சுனிலின் ஆட்டோவை நிறுத்தி, மூன்று பழைய சீட்டுகளையும் தானே கழற்றி இறக்கினார். செவ்வாய்க்கிழமை அந்த ஆட்டோவுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸிங் பரிசோதனை. கிழிந்த சீட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "திங்கக்கிழமை காலைக்குள்ள மூணும் போடுதேன்" என்று பவுனிடம் சொன்னார். "ஒரு சுருக்கம் விழுந்தாலும் நானே ஃபோட்டோ எடுத்துக்கிட்டு உன்கூட வாரேன்."

தொப்பைக்குப் பதிலாக முதலில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பார்த்தார். ரெக்ஸினில் தடம் விழுந்தது. ஃபோம் வைத்தார், பலகை நழுவியது. அவர் வைக்கிற பொருள் அமுங்கவும் வேண்டும், திருப்பித் தள்ளவும் வேண்டும். சுனிலின் ஆட்டோவுக்கு அடியில் கிடந்த பழைய டயர் மத்தியானம்தான் கண்ணில் பட்டது. அதைப் பாதியாக அறுத்து, வளைவு வெளியே தெரியும்படி மேசையில் முறுக்காணி போட்டு இறுக்கினார். அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் டயர், நடுவில் பலகை. டயரின் கருப்பு ரெக்ஸினில் ஒட்டியது. வீட்டுக்குப் போய், இப்போது இடுப்பில் நிற்காத தன் பழைய பேன்ட் ஒன்றை எடுத்துவந்து அதன் மேல் இழுத்துக் கட்டினார்.

சுனில் பார்த்தார். டயரைத் தட்டினார், பேன்ட்டைத் தட்டினார். "அரே அண்ணா! தொப்ப வந்துருச்சு! அதே பேன்ட்டுல!" நிறுத்தத்தில் இருந்த ஏழெட்டு ஓட்டுநர்களும் வந்து ஆளுக்கொரு முறை அந்தத் தொப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாடசாமி யாரையும் தடுக்கவில்லை.

ஓட்டுநர் சீட் சனிக்கிழமை மாலைக்குள் முடிந்தது. முதுகுச் சாய்வு ஞாயிற்றுக்கிழமை மதியம். பயணிகள் உட்காரும் பின் சீட்தான் பெரியது, மூன்றரை அடி. ஞாயிறு சாயங்காலம் அதை முடித்துத் தண்ணீர் ஊற்றினார். இடது மூலையில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. சுனில் அவசரமாகக் கையால் துடைத்துவிட்டு, "யாருக்கும் தெரியாது அண்ணா, சல்தா ஹே" என்றார். மாடசாமி சீட்டைத் திருப்பி, அறுபது ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பவுன் வந்தார். நல்ல சேலை, கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஆதார் நகலும் இரண்டு ஃபோட்டோக்களும். கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். பலகை டயருக்கும் சுவருக்கும் நடுவே நிமிர்ந்து நின்றது. கடைசி மூலை. குறடு இழுத்தது. வாயிலிருந்த ஆணிகள் தீர்ந்துவிட்டிருந்தன. மாடசாமி பார்வையைத் திருப்பாமல் வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். சுனில் டப்பாவைத் தேடுவதற்குள், பவுன் உறையை அக்குளில் செருகிக்கொண்டு டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். இரண்டு தட்டு. இன்னோர் ஆணி. இரண்டு தட்டு. இப்படிப் பதினான்கு.

மாடசாமி சீட்டைக் கிடத்தினார். டம்ளரை எடுத்தவர் ஒரு நொடி தயங்கி, பவுனிடம் நீட்டினார். பவுன் ஊற்றினார். இடது மூலையில்தான் முதலில் ஊற்றினார், பிறகு நடுவில், பிறகு வலது மூலையில். தண்ணீர் மூன்று இடத்திலும் நிற்காமல் விளிம்புக்கு ஓடி, தரையில் சொட்டியது. பவுன் குனிந்து, மூலையை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஈரம் இருந்தது, குழி இல்லை.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. மங்கல் தாயியின் தம்பி மகன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பவுன் மாடசாமியைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே மராத்தியில், அவர் வரமாட்டார், வேலையில் இருக்கிறார், தப்பாக நினைக்க வேண்டாம், வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபோனை வைத்துவிட்டு, "என்ன பாக்கிய? சோலியப் பாருங்க. ஒரு மணிக்குக் கஞ்சியோட வாரேன். கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா, அத எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்றார்.

"எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு எதுக்கு?" என்றார் மாடசாமி.

வெளியே சுனில் ஆட்டோவின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டுத் தயாராக நின்றார். மாடசாமி சீட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு இறங்கினார். இரண்டு எட்டு வைத்ததும் ரெக்ஸினில் இன்னும் ஈரம் மினுங்குவது கண்ணில் பட்டது. நின்றார். சீட்டை வயிற்றில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு, விடுபட்ட வலது கையால் சட்டை நுனியை இழுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்தார். "ஏங்க..." என்று வாயெடுத்த பவுன் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஓரத்தில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. அதையும் துடைத்துவிட்டு, "பிடிடே" என்று சீட்டை சுனிலிடம் நீட்டினார்.